பழைய கலியாண கேசட்டுகளைக் கணினியில் பார்க்க எந்தத் திறமூலப் பிளேயரை நம்பலாம்?

கேள்வி: கானாடுகாத்தான் வாசகி

அனைவருக்கும் வணக்கம். கானாடுகாத்தானில் உள்ள எங்கள் பெரிய வீட்டில் பிள்ளையார் நோன்புக்குப் பங்காளிகள் எல்லோரும் கூடுவது வழக்கம். இந்த ஆண்டு நோன்பின் இழை எடுத்துக்கொண்ட பிறகு, வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) தொலைக்காட்சியை வைத்து, வீட்டில் சேர்ந்து கிடக்கும் பழைய ஒளிப்பதிவுகளைப் பெரியவர்களுக்குப் போட்டுக் காட்ட விரும்புகிறேன். அப்பத்தாவுக்கு எண்பத்தாறு வயது ஆகிறது. 1992-இல் நடந்த எங்கள் அப்பச்சி, ஆத்தா திருமணத்தின் கேசட்டை அவர்கள் பார்த்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அதில் வரும் மனிதர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை.

கையில் இருப்பவற்றைச் சொல்லிவிடுகிறேன். திருமண கேசட்டை ஒரு கடையில் கொடுத்து டிவிடியாக மாற்றி வைத்திருக்கிறோம். ஐயாவின் சாந்தி (வயது நிறைவு விழா) 2001-இல் நடந்தபோது எடுத்த பதிவு மூன்று விசிடிகளில் இருக்கிறது. அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா அங்கே எடுத்து அனுப்பிய டிவிடி ஒன்று உண்டு. இவை தவிர, தம்பிமார் கைப்பேசியில் எடுத்த அண்மைக்காலக் காட்சிகள் ஏராளம். வீட்டில் உள்ள கணினியோ பழைய மேசைக் கணினி. நான்கு ஜிபி நினைவகம், விண்டோஸ் 10. இணைய இணைப்பு வரும், போகும்.

கணினியோடு வந்த பிளேயர் டிவிடியைத் திறக்க மறுக்கிறது. இணையத்தில் தேடி இறக்கிய இன்னொரு பிளேயர் இலவசம் என்றுதான் சொன்னது. நிறுவிய மறுநாளே படத்தின் நடுவில் விளம்பரம் காட்டத் தொடங்கியதால் அதை நீக்கிவிட்டேன். திறமூலப் பிளேயர்களில் (மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருப்பவை) ஒன்றைத் தேர்ந்து, அதையே வீட்டில் எல்லோருக்கும் பழக்கிவிட வேண்டும் என்ற முடிவுக்கு அதன் பிறகு வந்தேன். வி.எல்.சி. என்ற திறமூலப் பிளேயரை நிறுவிப் பார்த்ததில் எல்லாக் கோப்புகளும் திறந்துகொண்டன. ஆனால் சில குறைகள் தெரிகின்றன.

திருமணப் பதிவில் யாராவது கையை அசைத்தால் கையின் ஓரமெல்லாம் சீப்பின் பற்களைப் போலக் கோடு கோடாகப் பிரிகிறது. முகங்கள் எல்லாம் அகலமாக அமுங்கித் தெரிகின்றன. நாகசுரம் இடப்பக்க ஒலிபெருக்கியில் மட்டும் கேட்கிறது. கைப்பேசிக் காட்சிகளில் பலவும் திக்கித் திக்கி ஓடுகின்றன. இவற்றோடு இன்னொன்று. திருப்பூட்டும்போது (தாலி கட்டும்போது) அருகில் நிற்பவர் யார், வேவு (சீர்ப் பொருள்கள்) இறக்குபவர்கள் எந்த வீட்டார், இசைகுடிமானம் (திருமண ஒப்பந்த ஓலை) எழுதுபவர் யார் என்றெல்லாம் அப்பத்தாவிடம் கேட்டுக் கேட்டுத் தமிழில் துணையுரையாகத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். அது திரையில் வரும்போது ஒரு கோப்பில் ஆங்கில எழுத்துகளின் குப்பையாகவும் மற்றொன்றில் வெறும் கேள்விக்குறிகளாகவும் தெரிகிறது. மூன்று மாத உழைப்பு என்பதால் மனம் சோர்ந்துவிட்டது.

இவை வி.எல்.சி.யின் குறைகளா, வேறு பிளேயருக்கு மாற வேண்டுமா, எதை நம்பினால் இன்னும் இருபது ஆண்டுகள் கழித்து எங்கள் பிள்ளைகளும் இவற்றைத் திறந்து பார்க்க முடியும் என்று அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: தேவகோட்டை ஒளிப்பதிவாளர்

வணக்கம் அம்மா. நான் இருபத்தெட்டு ஆண்டுகள் இந்தப் பக்கத்துத் திருமணங்களை ஒளிப்பதிவு செய்தவன். நீங்கள் சொன்ன குறைகளில் பெரும்பாலானவை பிளேயரின் குறைகள் அல்ல. கேசட்டின் இயல்பு கணினித் திரைக்குப் புரியாததால் வருபவை. ஆகவே வி.எல்.சி.யை மாற்ற வேண்டாம். அதனிடம் சிலவற்றைச் சொல்லிக் கொடுத்தால் போதும்.

முதலில் சீப்புக் கோடுகள். நம் நாட்டில் வழங்கிய ‘பால்’ (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் ஒரு நொடிக்கு 25 முழுப் படங்கள் என்று கணக்குச் சொல்வார்கள். உண்மையில் கேமரா பதிவு செய்தது நொடிக்கு 50 அரைப் படங்களை. ஒற்றைப்படை வரிகள் மட்டும் கொண்ட அரைப் படம் ஒன்று, ஐம்பதில் ஒரு நொடி கழித்து இரட்டைப்படை வரிகள் மட்டும் கொண்ட அரைப் படம் ஒன்று என்று மாறி மாறி வரும். பழைய குழாய்த் தொலைக்காட்சி அதே வரிசையில் வரைந்ததால் கண்ணுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. கணினித் திரையோ இரண்டு அரைகளையும் கோத்து ஒரே நேரத்தில் காட்டுகிறது. அந்த ஐம்பதில் ஒரு நொடிக்குள் மாலை போடும் கை நகர்ந்திருந்தால், கையின் ஒரு பாதி ஓரிடத்திலும் மறு பாதி இன்னோரிடத்திலும் நிற்கும். நீங்கள் பார்க்கும் பற்கள் அவைதாம்.

வி.எல்.சி.யின் வீடியோ பட்டியலில் ‘டீஇன்டர்லேஸ்’ என்று ஒன்று இருக்கும். அது ‘ஆட்டோமேட்டிக்’ நிலையில் இருந்தால், கோப்பில் உள்ள குறிப்பைப் பார்த்துத்தான் செயல்படும். மாற்றிக் கொடுத்தவர் அந்தக் குறிப்பைச் சரியாக எழுதாமல் விட்டிருந்தால் சும்மா இருந்துவிடும். அதை ‘ஆன்’ என்று மாற்றுங்கள். அதன் கீழே உள்ள முறைகளில் ‘யாடிஃப் 2எக்ஸ்’ என்பதைத் தேர்ந்தால் 50 அரைப் படங்களும் 50 முழுப் படங்களாக விரிந்து, அசைவு அந்தக் காலத்துத் தொலைக்காட்சியில் பார்த்ததைப் போலவே வழுக்கிக்கொண்டு ஓடும். கணினி திணறினால் ‘பாப்’ முறை போதும். விசைப்பலகையில் ‘டி’ எழுத்தை அழுத்தினாலும் இந்த வசதி வந்து போகும்.

இதற்கு முன் ஒன்றைச் சோதித்துவிடுங்கள். படம் ஓடும்போது கன்ட்ரோல் விசையுடன் ‘ஜே’ எழுத்தை அழுத்தினால் கோப்பின் விவரம் வரும். அதில் அளவு 720க்கு 576 என்றிருந்தால் கேசட்டின் வரிகள் அப்படியே இருக்கின்றன, பயமில்லை. 640க்கு 480 போன்ற அளவு இருந்தால், மாற்றிய இடத்தில் அரைப் படங்களைப் பிரிக்காமலேயே சுருக்கியிருக்கிறார்கள் என்று பொருள். அப்போது இரண்டு அரைகளின் வரிகளும் ஒன்றோடொன்று குழைந்து போயிருக்கும். எந்தப் பிளேயராலும் அவற்றைப் பிரிக்க முடியாது. கேசட் இன்னும் உங்களிடம் இருந்தால், அதைத் திரும்ப மாற்றுவது ஒன்றே வழி. கேசட்டைத் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். டிவிடி வந்துவிட்டது என்று கேசட்டைப் பழைய சாமானோடு போட்ட வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

முகம் அகலமாவதற்குக் காரணம் வேறு. 720க்கு 576 என்பதை அப்படியே வகுத்தால் ஐந்துக்கு நான்கு வரும். ஆனால் படம் காட்டப்பட வேண்டிய அளவு நான்குக்கு மூன்று. புள்ளிகள் சதுரமாக இல்லாத காலத்து ஏற்பாடு அது. சரியான அளவு இன்னதென்று கோப்பில் எழுதியிருக்கும். அதில் பதினாறுக்கு ஒன்பது என்று தவறாக எழுதிவிட்டால் மணமகள் அகன்று போவாள். வி.எல்.சி.யில் ‘ஏ’ எழுத்தைத் தட்டிக்கொண்டே வந்தால் அளவுகள் ஒவ்வொன்றாக மாறும். நான்குக்கு மூன்று வரும்போது நிறுத்துங்கள். திரையின் இரு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். வீட்டில் யாராவது அதை நிரப்பச் சொல்வார்கள், நிரப்பாதீர்கள். கேமராவில் நாங்கள் வைத்த சட்டகம் அதுதான்.

படத்தின் அடியில் நாலைந்து வரிகள் எப்போதும் நடுங்கிக்கொண்டிருக்கும். அது கேசட் கருவியின் தலைகள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் இடம். பழைய தொலைக்காட்சியில் அது சட்டத்துக்குள் மறைந்துவிடும். கன்ட்ரோலுடன் ‘இ’ எழுத்தை அழுத்தி வரும் சாளரத்தில் வீடியோவின் கீழ்ப்பகுதியைச் சற்றே வெட்டி மறைக்கலாம். பார்வைக்கு மறைப்பதோடு சரி; கோப்பில் கை வைக்க வேண்டாம்.

நாகசுரம் ஒரு பக்கம் மட்டும் கேட்பதற்குக் காரணம் அந்தக் காலத்து ஒற்றை ஒலித்தடம். ஆடியோ பட்டியலில் ‘ஸ்டீரியோ மோட்’ என்பதில் ‘லெஃப்ட்’ என்று வைத்தால் இரு பக்கமும் ஒரே ஒலி வரும்.

இவற்றையெல்லாம்விட எனக்குக் கவலை தருபவை அந்த மூன்று விசிடிகள். விசிடியில் அதிக நேரம் பதிய வேண்டும் என்பதற்காக, சாதாரணத் தரவு வட்டில் ஒரு பகுதிக்கு 2048 பைட்டுகள் வைக்கும் இடத்தில் 2324 பைட்டுகளை நிரப்பினார்கள். கூடுதல் இடம் எங்கிருந்து வந்தது என்றால், பிழை திருத்துவதற்காக ஒதுக்கப்படும் இடத்திலிருந்து எடுத்துக்கொண்டதுதான். ஆகவே ஒரு கீறல் விழுந்தாலும் கணினி அந்தக் கோப்பைப் பிரதி எடுக்கும்போது பாதியில் நின்றுவிடக்கூடும். வட்டை மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரம் நோக்கித் துடைத்து, இன்றைக்கே ‘எம்பெகேவி’ கோப்புறையில் உள்ள ‘டேட்’ கோப்புகளை வன்தட்டுக்கு மாற்றுங்கள். ஒரு வட்டு இயக்கி படிக்க மறுத்தால் வேறொரு கணினியின் இயக்கியில் முயலுங்கள்; ஒன்று தள்ளியதை இன்னொன்று படிப்பது உண்டு. படம் 352க்கு 288 என்ற சிறிய அளவில்தான் இருக்கும். அதற்குமேல் அதில் இல்லை, எதிர்பார்க்க வேண்டாம்.

மறுமொழி: காரைக்குடி கணினி ஆசிரியர்

ஒளிப்பதிவாளர் ஐயா படத்தைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் துணையுரையைப் பற்றியும் இருபது ஆண்டுக் கேள்வியைப் பற்றியும் எழுதுகிறேன்.

ஆங்கிலக் குப்பையாகத் தெரியும் கோப்பை நீங்கள் பாமினி போன்ற பழைய எழுத்துரு வகையில் தட்டச்சு செய்திருக்க வேண்டும். அந்த முறையில் கோப்பில் பதிவாவது ஆங்கில எழுத்துகளே. எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டுகிறது. பிளேயரிடம் அந்த எழுத்துரு இல்லாதபோது போர்வை விலகி உள்ளிருப்பது தெரிகிறது. உங்கள் உழைப்பு வீணாகவில்லை. பாமினியை யூனிகோடாக மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் கிடைக்கின்றன. உரையை அதில் ஒட்டி மாற்றிக்கொள்ளுங்கள். நேரக் குறிப்பு எண்களும் அவற்றின் நடுவில் உள்ள அம்புக்குறியும் மாறிவிடாமல் உரையை மட்டும் மாற்றுவது முக்கியம்.

கேள்விக்குறிகளாகத் தெரியும் கோப்பின் செய்தி வருத்தமானது. யூனிகோடில் சரியாகத் தட்டச்சு செய்து, நோட்பேடில் சேமிக்கும்போது குறியாக்கத்தை ‘ஆன்சி’ என்று விட்டிருந்தால், தமிழ் எழுத்துக்கு அதில் இடமில்லாததால் ஒவ்வொன்றும் கேள்விக்குறியாகவே எழுதப்பட்டுவிடும். அப்படியானால் எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. நீங்கள் முதலில் எழுதிய வேர்டு கோப்போ மின்னஞ்சல் வரைவோ இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இனி எப்போதும் ‘யுடிஎஃப்-8’ என்று தேர்ந்தே சேமியுங்கள். துணையுரைக் கோப்புக்கும் வீடியோக் கோப்புக்கும் ஒரே பெயர் வைத்து ஒரே கோப்புறையில் போட்டால், பிளேயர் தானாகவே எடுத்துக்கொள்ளும்.

குறியாக்கம் சரியான பிறகும் ‘கொ’ என்ற எழுத்தில் ஒற்றைக் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நின்றால், உங்கள் பிளேயர் மிகப் பழைய பதிப்பு என்று அறிக. கொம்பும் காலும் எழுத்தின் இரு பக்கமும் நிற்க வேண்டும் என்ற கணக்கைப் போடுவதற்கு ஹார்ஃப்பஸ் என்ற திறமூல நிரல் இருக்கிறது. இப்போதைய வி.எல்.சி.யும், எம்.பி.வி. என்ற இன்னொரு திறமூலப் பிளேயரும் தமிழை அதன் துணையுடன்தான் கோக்கின்றன. எழுத்துருவாக விண்டோஸில் ஏற்கெனவே உள்ள நிர்மலா யு.ஐ.யைத் தேர்ந்துகொள்ளலாம், நோட்டோ சான்ஸ் தமிழ் கட்டற்ற உரிமத்தில் கிடைக்கிறது, வளவின் தொலைவிலிருந்து பார்க்கும் பெரியவர்களுக்கு அது தெளிவாக இருக்கும்.

இனி இருபது ஆண்டுக் கேள்வி. வி.எல்.சி. 1996-இல் பிரான்சின் எக்கோல் சென்ட்ரால் பாரிஸ் கல்லூரி மாணவர்களின் திட்டமாகத் தொடங்கியது. தங்கள் வளாகத்தின் வலையமைப்பில் வீடியோவை அனுப்பிப் பார்ப்பதற்காக அதை எழுதினார்கள். 2001 பிப்ரவரி 1 அன்று ஜி.பி.எல். என்ற கட்டற்ற உரிமத்தின் கீழ் அதன் மூலநிரல் உலகுக்குத் திறந்துவிடப்பட்டது. ஆரஞ்சு நிறச் சாலைக் கூம்பு அதன் அடையாளமானதும் அந்த மாணவர்கள் கூம்புகளைச் சேகரித்து வைத்திருந்த பழக்கத்தால்தான். இன்று அதைப் பேணுவது வீடியோலேன் என்ற இலாப நோக்கற்ற அமைப்பு. உங்கள் ஐயாவின் சாந்தி நடந்த ஆண்டில் திறக்கப்பட்ட மென்பொருள் இன்றைக்கும் அந்த விசிடியைத் திறக்கிறது என்பதைவிட வேறு சான்று நான் என்ன சொல்ல முடியும்?

வி.எல்.சி., எம்.பி.வி. போன்றவற்றின் அடியில் பெரும்பாலும் வேலை செய்வது எஃப்.எஃப்.எம்பெக் என்ற இன்னொரு திறமூலத் தொகுப்பு. 2000-இல் ஃபப்ரீஸ் பெல்லார் தொடங்கியது. எம்பெக்-1, எம்பெக்-2 முதல் இன்றைய வடிவங்கள் வரை அவிழ்க்கும் வழிகள் அதன் மூலநிரலில் எழுதப்பட்டிருக்கின்றன. ஒரு நிறுவனத்தின் மூடிய பிளேயர் நின்றுபோனால், அந்தப் பிளேயருக்கு மட்டும் தெரிந்த வடிவமும் அதோடு போய்விடும். மூலநிரல் எல்லோர் கையிலும் இருக்கும்போது, எழுதியவர் விட்டுப்போனாலும் அடுத்தவர் தொடர முடியும். உங்கள் வீட்டுப் பதிவுகளுக்கு நான் கேட்கும் காப்பு இது ஒன்றே.

2022-இல் வீடியோலேன் அமைப்பின் இணையதளம் இந்தியாவில் பல மாதங்கள் முடக்கப்பட்டிருந்ததையும், அந்த ஆண்டு நவம்பரில் முடக்கம் நீங்கியதையும் பலர் அறிந்திருப்பீர்கள். அந்த மாதங்களில்கூட ஏற்கெனவே நிறுவியிருந்த வி.எல்.சி. எதுவும் நிற்கவில்லை, ஏனென்றால் அது ஓடுவதற்கு யாரிடமும் இணையம் வழியே அனுமதி கேட்பதில்லை. கானாடுகாத்தானில் இணைப்பு வந்து போவதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. நிறுவும் கோப்பையும் வீடியோக்கள் இருக்கும் வன்தட்டிலேயே ஒரு பிரதி போட்டு வையுங்கள்.

பிளேயரைத் தேர்வதோடு பெட்டியையும், அதாவது படத்தையும் ஒலியையும் ஒன்றாக வைத்திருக்கும் கோப்பு வடிவத்தையும், கவனிக்க வேண்டும். டிவிடியின் ‘வாப்’ கோப்புகளை மட்ரோஸ்கா என்ற வடிவத்துக்குள், அதாவது ‘எம்.கே.வி.’ கோப்பாக, எஃப்.எஃப்.எம்பெக் கொண்டு மாற்றலாம். படத்தையும் ஒலியையும் மறுபடி சுருக்காமல் அப்படியே எடுத்துப் புதிய பெட்டியில் வைக்கும் வழி அதில் உண்டு. ஒரு புள்ளிகூட மாறாது. அதே பெட்டியில் உங்கள் தமிழ்த் துணையுரையையும் சேர்த்துவிடலாம். தனிக் கோப்பு தொலைந்துபோகும் அச்சம் இல்லை. மட்ரோஸ்கா 2002-இல் தோன்றிய திறந்த வடிவம். 2024-இல் இணையப் பொறியியல் குழுவின் முறையான தர ஆவணமாகவும் வெளிவந்துவிட்டது. சிலர் துணையுரையைப் படத்தின்மேல் நிரந்தரமாகப் பதித்துத் தருவதாகச் சொல்வார்கள். ஒரு பெயரை அப்பத்தா நாளைக்குத் திருத்தினால் என்ன செய்வீர்கள்? அந்த வழி வேண்டாம்.

என் சொந்த விருப்பம் எம்.பி.வி. எம்பிளேயர், எம்பிளேயர்2 என்ற வழியில் கிளைத்து வந்தது அது. திரையில் பட்டியல் குவியல் இல்லை. படம் மட்டும் இருக்கும். ‘ஐ’ எழுத்தை அழுத்தினால் படத்தின் அளவு, விடுபட்ட படச் சட்டங்கள், எந்த முறையில் அவிழ்க்கப்படுகிறது என்ற முழு விவரமும் தெரியும். நீங்கள் அதையும் முயன்று பார்க்க வேண்டும்.

மறுமொழி: தேவகோட்டை ஒளிப்பதிவாளர்

ஆசிரியர் அவர்களோடு ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். எம்.பி.வி. நல்ல பிளேயர், நானும் வேலைக்குப் பயன்படுத்துகிறேன். ஆனால் அதன் அமைப்புகளை நிரந்தரமாக மாற்ற ஓர் உரைக் கோப்பில் வரி வரியாக எழுத வேண்டும், மற்றதற்கெல்லாம் விசைகளை மனப்பாடம் செய்ய வேண்டும். இவர்கள் ஊருக்குத் திரும்பிய பிறகு வீட்டில் இருக்கும் பெரியவர்கள் தாங்களே போட்டுப் பார்க்க வேண்டும் என்றால், சுட்டியால் தொட்டு நிறுத்தவும் ஓட்டவும் பெரிய பொத்தான்கள் வேண்டும். அதற்கு வி.எல்.சி.யே பொருத்தம்.

மறுமொழி: காரைக்குடி கணினி ஆசிரியர்

ஒப்புக்கொள்கிறேன். பெரியவர்கள் தனியாகப் பார்ப்பார்கள் என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. எம்.பி.வி.யை அடியில் வைத்துக்கொண்டு மேலே பொத்தான்களும் பட்டியல்களும் தரும் எஸ்.எம்.பிளேயர் என்ற திறமூல மென்பொருளும் இருக்கிறது. ஒவ்வொரு கோப்புக்கும் நீங்கள் வைத்த அளவையும் நிறுத்திய இடத்தையும் அது நினைவில் வைத்துக்கொள்ளும். வி.எல்.சி. சரிப்படாவிட்டால் அதைப் பாருங்கள்.

மறுமொழி: பள்ளத்தூர், தற்போது சிங்கப்பூர்

வணக்கம். கைப்பேசிக் காட்சிகள் திக்குவதைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். எங்கள் வீட்டிலும் இதே தொல்லை இருந்தது.

இப்போதைய கைப்பேசிகள் பலவும் இடத்தை மிச்சப்படுத்த எச்.இ.வி.சி. என்ற வடிவத்தில் பதிவு செய்கின்றன. கோப்பு சிறிதாகும்; அவிழ்க்கும் வேலையோ கூடும். இன்டெல் செயலிகளில் ஆறாம் தலைமுறையிலிருந்துதான் எட்டு பிட் எச்.இ.வி.சி.யை அவிழ்க்கும் முழுமையான வன்பொருள் சுற்று சில்லுக்குள்ளேயே வந்தது. பத்து பிட் பதிவுகளுக்கு ஏழாம் தலைமுறை வேண்டும். உங்கள் கணினி அதற்கு முந்தையது என்றால், பிளேயர் முழுச் சுமையையும் மென்பொருளால் சுமக்க வேண்டியிருக்கும். எந்தப் பிளேயருக்கு மாறினாலும் அந்தச் செயலியின் வலு அதிகமாகாது. ஹேண்ட்பிரேக் என்ற திறமூலக் கருவியில் இட்டு, எச்.264 என்ற பழைய வடிவில் 720 வரி அளவுக்குப் பார்வைப் பிரதி ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய கணினியில் அது எளிதாக ஓடும். மூலக் கோப்பை அழிக்காமல் தனியே வையுங்கள். நாளைக்கு வேறு கணினி வாங்கும்போது அது அப்படியே ஓடும். மாற்றும் வேலை நேரம் பிடிக்கும், இரவில் ஓடவிட்டுவிடுங்கள். தம்பிமாரிடம் ஐஃபோன் இருந்தால், கேமரா அமைப்பில் ‘மோஸ்ட் கம்பேட்டிபிள்’ என்று வைக்கச் சொன்னால் இனி எடுப்பவை பெரும்பாலும் எச்.264 வடிவிலேயே வரும்.

பழைய விண்டோஸ் கணினிக்கு நான் பரிந்துரைப்பது எம்.பி.சி.-எச்.சி. என்ற திறமூலப் பிளேயரை. நினைவகத்தை மிகக் குறைவாகவே எடுத்துக்கொள்ளும். பார்ப்பதற்கு அந்தக் காலத்து விண்டோஸ் மீடியா பிளேயரைப் போலவே இருப்பதால், வீட்டில் யாருக்கும் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆசிரியர் ஐயா சொன்ன காப்புக்கு இதுவே நல்ல எடுத்துக்காட்டு. இதை உருவாக்கியவர்கள் 2017 ஜூலையில் 1.7.13 என்ற பதிப்போடு பணியை நிறுத்திக்கொண்டார்கள். மூலநிரல் திறந்திருந்ததால், ஒருவர் தன் பங்குக்கு எடுத்துத் தொடர்ந்து புதிய பதிப்புகளை வெளியிட்டு வருகிறார். நீங்கள் தேடும்போது முதலில் பழைய பதிப்பு வந்து நிற்கும். அதை நிறுவாமல் தொடரப்படும் பதிப்பையே இறக்குங்கள்.

இன்னோர் எச்சரிக்கையும் உண்டு. இலவசம் என்று சொன்ன பிளேயரில் விளம்பரம் வந்ததாக எழுதியிருந்தீர்கள். வி.எல்.சி.யின் பெயரையும் கூம்பையும் வைத்துக்கொண்டே கூடவே வேறு நிரல்களைத் திணிக்கும் தளங்கள் இருக்கின்றன. தேடலில் முதலில் வரும் விளம்பர இணைப்பைத் தொடாமல், வீடியோலேன் அமைப்பின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். உண்மையான வி.எல்.சி. விளம்பரமும் காட்டாது, நீங்கள் எதைப் பார்க்கிறீர்கள் என்று உளவும் பார்க்காது.

சித்தப்பாவின் அமெரிக்க டிவிடி என்.டி.எஸ்.சி. முறையில் இருக்கும்: 720க்கு 480, நொடிக்கு ஏறத்தாழ 30 படங்கள். நம் ஊர்ப் பழைய டிவிடி கருவி அதில் தடுமாறலாம். கணினியில் ஓடும் இந்தப் பிளேயர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

கேள்வி கேட்டவர்: கானாடுகாத்தான் வாசகி

ஐயா இருவருக்கும் பள்ளத்தூர் அண்ணனுக்கும் நன்றி. நோன்பு முடிந்து எல்லோரும் அவரவர் ஊருக்குப் போன பிறகு எழுதுகிறேன்.

திருமணக் கோப்பின் அளவு 720க்கு 576 என்றே இருந்தது. அந்த எண்ணைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. டீஇன்டர்லேஸை ‘ஆன்’ செய்து யாடிஃப் 2எக்ஸ் வைத்ததும் பற்கள் அடங்கிவிட்டன. எங்கள் கணினி அதைத் தாங்குகிறது. விசிடிகளில் இரண்டு எளிதாகப் பிரதியாயின. மூன்றாவது பாதியில் நின்றது. தேவகோட்டை ஐயா சொன்னபடி பக்கத்து வீட்டுக் கணினியில் போட்டபோது முழுவதும் வந்துவிட்டது. அந்த மூன்றாவது வட்டில்தான் ஐயா எல்லோருக்கும் திருநீறு பூசிவிடும் காட்சி இருக்கிறது.

பாமினியில் இருந்த உரையை மாற்றிவிட்டேன். கேள்விக்குறிகளாகிப் போன கோப்புக்கு மூலப் பிரதி எதுவும் கிடைக்கவில்லை. எனவே அப்பத்தாவைப் பக்கத்தில் உட்கார்த்தி மறுபடியும் தொடங்கினேன். இந்த முறை வி.எல்.சி.யே பெரிய துணையாக இருந்தது. கூட்டமான காட்சிகளில் ‘இ’ எழுத்தை அழுத்தி ஒவ்வொரு சட்டமாக நகர்த்தி, முகம் தெளிவாகத் தெரியும் இடத்தில் ஷிஃப்ட்டுடன் ‘எஸ்’ அழுத்திப் படமாக எடுத்துக்கொண்டோம். இசைகுடிமானம் படிக்கும் இடத்தில் குரல் வேகமாகப் போவதால், ஓட்டத்தின் வேகத்தைக் குறைத்து, அந்தப் பகுதியை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவைத்துக் கேட்டோம். முதல் தடவை விட்டுப்போயிருந்த பதினோரு பெயர்கள் இப்போது சேர்ந்திருக்கின்றன.

நோன்பன்று இரவு வளவில் போட்டபோது, கறுப்புப் பட்டையை ஏன் விட்டுவைத்தாய் என்று பெரியப்பா கேட்டார்கள். ஒளிப்பதிவாளர் வைத்த சட்டகம் அது என்று சொன்னதும் சரி என்றார்கள். திருப்பூட்டு முடிந்து கெட்டிமேளம் ஒலிக்கும் இடத்தில் ஒலி சற்று முந்திக்கொண்டு வந்தது. பள்ளியில் படிக்கும் தம்பி மகன் ‘கே’ எழுத்தை நான்கைந்து முறை தட்டிச் சரிசெய்தான். அவனுக்கு அந்த விசை எப்படித் தெரிந்தது என்று கேட்டேன், பட்டியல் முழுவதையும் பகலிலேயே படித்துவிட்டானாம்.

வீட்டுக் கணினியில் வி.எல்.சி.யை வைத்துவிட்டேன், எம்.பி.சி.-எச்.சி.யும் இருக்கிறது, அப்பச்சிக்கு அதுதான் பிடித்திருக்கிறது. எல்லாவற்றையும் மட்ரோஸ்கா பெட்டியில் துணையுரையோடு சேர்த்து, இரண்டு வன்தட்டுகளில் ஏற்றி, ஒன்றைக் கானாடுகாத்தானிலும் மற்றொன்றைச் சென்னையில் தம்பி வீட்டிலும் வைக்கப்போகிறோம். கேசட்டை ஒரு டப்பாவில் போட்டு, ஈரம் படாமல் இரண்டாங்கட்டு மர அலமாரியில் நிமிர்த்தி வைத்திருக்கிறேன். அதை இன்னும் நல்ல முறையில் மறுபடி மாற்றித் தர முடியுமானால், தேவகோட்டை ஐயா, தை பிறந்ததும் நானே கொண்டு வருகிறேன்.